ஆய்வுக் கட்டுரையிலிருந்து கருத்துக் கட்டுரைக்கு: என் தரப்பைச் சொல்லும்போது ஏன் இந்தக் கூச்சம்?

கேள்வி: ஏட்டுமாணவி

நூலக அறிவியலில் முதுகலைப் படிப்பின் இறுதிப் பருவத்தில் இருக்கிறேன். இதுவரை நான் எழுதியவை வகுப்புக் கட்டுரைகளும் ஒரு சிற்றாய்வேடும் மட்டுமே. எழுதுபவர் எழுத்தில் தென்படக் கூடாது என்பதுதான் அவற்றின் வழியே நான் கற்ற முதல் பாடம். "நான்" என்று எழுதிய இடத்தில் சிவப்புக் கோடு விழும்; "கருதுகிறேன்" என்று எழுதிய இடத்தில் "சான்று எங்கே?" என்று ஓரக்குறிப்பு வரும். இந்தப் பயிற்சியைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஒரு வாக்கியத்தை எழுதி முடித்ததுமே அதற்கு ஆதாரம் உண்டா என்று மனம் தானாகத் தேடும் பழக்கத்தை எனக்குத் தந்தது அதுதான்.

இப்பருவத்தில் பொதுவாசகர்களுக்காக எழுதுவது பற்றி ஒரு தாள் இருக்கிறது. அதற்காக 800 சொற்களில் ஒரு கருத்துக் கட்டுரை எழுத வேண்டும். கெடு கடந்து திரும்பும் நூல்களுக்கு வசூலிக்கும் தாமதக் கட்டணத்தைப் பொது நூலகங்கள் கைவிட வேண்டும் என்பதை எடுத்துக்கொண்டேன். என் சிற்றாய்வேடும் இதைப் பற்றியதே என்பதால் தரவுக்குப் பஞ்சமில்லை. அமெரிக்க நூலகச் சங்கம் 2019 ஜனவரியில் இத்தகைய கட்டணம் சமூக ஏற்றத்தாழ்வின் ஒரு வடிவம் என்று தீர்மானம் நிறைவேற்றியது. அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் சிகாகோ பொது நூலகம் கட்டணத்தை நீக்கியது. இவையெல்லாம் கையில் இருந்தும் நான் எழுதிய முதல் பத்தி இப்படித்தான் வந்தது:

"தாமதக் கட்டணம் நூலகப் பயன்பாட்டின்மீது செலுத்தும் தாக்கம் குறித்து மாறுபட்ட கருத்துகள் நிலவுகின்றன. இக்கட்டணம் வறிய வாசகர்களை நூலகத்திலிருந்து விலக்கக்கூடும் என்று ஒரு சாராரால் கருதப்படுகிறது. மறுபுறம், நூல்கள் உரிய காலத்தில் திரும்புவதற்கு இது உதவுவதாகவும் கூறப்படுகிறது. எனவே இது குறித்து மேலும் விரிவான ஆய்வுகள் தேவைப்படுகின்றன."

ஆசிரியர் அதன் கீழே ஒரே ஒரு கேள்வியை எழுதித் திருப்பிக் கொடுத்தார்: "இதில் உங்கள் கருத்து எது?"

என் கருத்து எது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. அதை எழுத உட்காரும்போதுதான், தராசுத் தட்டில் யாருக்கும் தெரியாமல் விரலை வைப்பதுபோல ஒரு குற்ற உணர்வு வருகிறது. ஒரு தரப்பை எடுத்துவிட்டேன் என்றால், அதன்பின் எனக்குச் சாதகமான தரவை மட்டும் பொறுக்கி எடுக்கத் தொடங்கிவிடுவேனோ என்று அஞ்சுகிறேன். அடிக்குறிப்பும் இல்லை, நூற்பட்டியலும் இல்லை என்னும்போது, நான் சொல்வதை வாசகர் எதை வைத்து நம்புவார்? இன்னும் பட்டமே பெறாத ஒருத்தி "நூலகங்கள் இதைச் செய்ய வேண்டும்" என்று சொல்வது அகந்தையாகத் தெரியாதா? இந்த மாற்றத்தைக் கடந்து வந்தவர்கள், இந்தத் தயக்கத்தை எப்படிக் கையாண்டீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும். புறவயத்தைக் கைவிட்டால்தான் கருத்தெழுத முடியும் என்றால், எனக்கு அதில் விருப்பமில்லை.

மறுமொழி: கட்டுரைப்பயிற்சி

வணக்கம். மாணவர்களுக்கு ஆய்வெழுத்துக் கற்பிப்பவன் என்ற முறையில், உங்கள் ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டவர்களின் தரப்பிலிருந்தே பேசுகிறேன்.

தன்மை இடத்தைத் தவிர்ப்பது ஓர் எழுத்து வழக்கம். சான்றுக்கு உண்மையாக இருப்பது ஓர் ஒழுக்கம். இரண்டும் ஒரே வகுப்பில், ஒரே ஆசிரியரால், ஒரே நேரத்தில் கற்பிக்கப்படுவதால் இரண்டும் ஒன்றே என்ற எண்ணம் மாணவர்களிடம் வேரூன்றிவிடுகிறது. தொடக்கநிலை மாணவர் "எனக்குப் பிடிக்கவில்லை" என்பதையே வாதமாக எழுதிவிடக் கூடாது என்பதற்காக, முதலில் அந்த வாசலை நாங்கள் மூடிவிடுகிறோம். அதைத் திறந்துவிட வேண்டிய காலம் வந்த பிறகும் பெரும்பாலும் யாரும் திறப்பதில்லை என்பது கற்பிப்போர் பக்கம் உள்ள உண்மையான குறை. துறைசார்ந்த வழிகாட்டிகள்கூட இந்த வழக்கத்தை எப்போதும் வற்புறுத்துவதில்லை. அமெரிக்க உளவியல் சங்கத்தின் நடைக் கையேடு, ஆய்வாளர் தம் செயலைச் சொல்லும்போது தன்மை இடத்திலேயே சொல்ல வேண்டும் என்றுதான் அறிவுறுத்துகிறது.

டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பை வாட்சனும் கிரிக்கும் அறிவித்த கட்டுரை 1953 ஏப்ரல் 25 அன்று 'நேச்சர்' இதழில் வந்தது. அச்சில் ஒரு பக்கத்துக்குச் சற்றே அதிகம். அது "நாங்கள் ஓர் அமைப்பை முன்மொழிய விரும்புகிறோம்" என்ற பொருள்படத் தன்மை இடத்தில்தான் தொடங்குகிறது. அடுத்த பத்தியிலேயே, பாலிங், கோரி என்ற வேதியியலாளர்கள் முன்வைத்திருந்த மூன்றிழை அமைப்பை எடுத்துக்கொண்டு, "எங்கள் கருத்தில் இது நிறைவானதாக இல்லை, அதற்கு இரண்டு காரணங்கள்" என்று எழுதுகிறார்கள். ஊடுகதிர் (எக்ஸ்-கதிர்) படங்களைத் தரும் பொருள் அமிலம் அன்று, அதன் உப்பு என்பது முதல் காரணத்தின் அடிப்படை. அமில ஹைட்ரஜன் இல்லாத நிலையில், சுருளின் நடு அச்சுக்கு அருகில் நெருங்கி நிற்கும் எதிர்மின் பாஸ்பேட்டுகள் ஒன்றையொன்று விலக்குமே, அந்த அமைப்பை எது சேர்த்துப் பிடித்திருக்கும் என்று கேட்கிறார்கள். அணுக்களிடையே சில தொலைவுகள் அளவுக்கு மீறிக் குறைவாக இருக்கின்றன என்பது இரண்டாவது காரணம். "எங்கள் கருத்தில்" என்ற சொல்லையும், அதை ஒட்டியே வரும் "இரண்டு காரணங்கள்" என்ற சொல்லையும் சேர்த்துப் பாருங்கள். கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிட்டதால்தான், அந்தக் காரணங்களை வாசகர் ஒவ்வொன்றாக எடுத்துச் சோதிக்க முடிகிறது.

இப்போது உங்கள் பத்திக்கு வருகிறேன். அதன் வினைமுற்றுகளை மட்டும் வரிசையாகப் படியுங்கள்: நிலவுகின்றன, கருதப்படுகிறது, கூறப்படுகிறது, தேவைப்படுகின்றன. யார் கருதுகிறார், யார் கூறுகிறார், எந்த ஆய்வு யாருக்குத் தேவைப்படுகிறது என்பதற்கு நான்கு வாக்கியங்களிலும் விடை இல்லை. "ஒரு சாரார்" என்பவர்களில் நீங்களும் ஒருவர். அதை வாசகரிடம் மறைத்திருக்கிறீர்கள். மேலும் ஆய்வு தேவை என்பதுதான் உங்கள் சிற்றாய்வேட்டின் முடிவா? நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. அப்படியானால், நடுநிலைபோலத் தோன்றும் இந்தப் பத்தி, நீங்கள் அறிந்திருப்பதைவிடக் குறைவாகச் சொல்கிறது. புறவயத்தின் கண்கொண்டு பார்த்தாலும் அது துல்லியமான பத்தி ஆகாது.

மறுமொழி: நடுப்பக்கத்தார்

நாளிதழின் நடுப்பக்கத்துக்கு வரும் கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்துச் செம்மைப்படுத்தும் பணியில் நெடுங்காலமாக இருக்கிறேன். பேராசிரியர்களும் ஆய்வாளர்களும் அனுப்பும் கட்டுரைகளில் நாங்கள் அடிக்கடி பார்ப்பது, நீங்கள் காட்டியிருக்கும் பத்தியின் மறுவடிவங்களைத்தான். ஆகவே இது மாணவப் பருவத்தின் குறைபாடு என்று எண்ணிக் கலங்க வேண்டாம்.

உங்கள் தகுதியைப் பற்றிய கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன். தலையங்கம் என்பது இதழின் குரல். கருத்துக் கட்டுரை என்பது எழுதியவரின் குரல். 'நியூயார்க் டைம்ஸ்' 1970 செப்டம்பர் 21 அன்று தலையங்கப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தை இதழைச் சாராதவர்களின் எழுத்துக்கும் திறந்துவிட்டபோது, தலையங்கத்தோடு உடன்படாத குரல்களுக்கும் இடம் வேண்டும் என்பதே அதன் அடிப்படையாக இருந்தது. அந்தப் பக்கத்தின் இயல்பே, ஒரு பொருளை அருகிலிருந்து அறிந்தவர் தம் பெயரில் வந்து பேசுவதுதான். தாமதக் கட்டணத்தைப் பற்றி ஆய்வேடு எழுதிய ஒருவருக்கு அதைப் பற்றிப் பேசத் தகுதி உண்டா என்று ஒரு பக்க ஆசிரியர் ஒருநாளும் கேட்க மாட்டார். நீங்கள் எந்த இடத்தில் நின்று பேசுகிறீர்கள் என்பதை ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும், அவ்வளவே. ஏதேனும் ஒரு நூலகத்தில் நீங்கள் ஊதியம் பெறுபவராக இருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

அடிக்குறிப்பு இல்லாததைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. ஆனால் அடிக்குறிப்பு செய்த வேலையை நடுப்பக்கக் கட்டுரையில் வாக்கியமே செய்ய வேண்டும். "ஆய்வுகள் காட்டுகின்றன" என்று எழுதினால் நான் அதை அடித்துவிட்டு, எந்த ஆய்வு, யார் செய்தது, எந்த ஆண்டு என்று கேட்பேன். அமெரிக்க நூலகச் சங்கம் 2019இல் தீர்மானம் நிறைவேற்றியது என்று நீங்கள் எங்களுக்கு எழுதியிருக்கும் வாக்கியமே போதுமானது; அதைக் கொண்டு வாசகர் தேடிச் சரிபார்த்துக்கொள்ள முடியும். கட்டுரையோடு, நீங்கள் பயன்படுத்திய ஒவ்வொரு தகவலுக்கும் ஆதாரத்தைத் தனித்தாளில் அனுப்பினால் எந்த உதவி ஆசிரியரும் மகிழ்வார். அது அச்சேறாது, ஆனால் அச்சேறுவதற்கு முன் சரிபார்க்கப்படும்.

கட்டமைப்பில்தான் பெரிய மாற்றம் தேவை. ஆய்வுக் கட்டுரையில் பின்னணி, முன்னோர் ஆய்வு, முறையியல், தரவு என்று நடந்து முடிவை இறுதியில் அடைகிறீர்கள். நடுப்பக்கத்தில் முடிவு முதலில் வருகிறது. மீதமுள்ள இடம் முழுவதும் அந்த முடிவுக்குக் கணக்குக் காட்டுவதற்கு. உங்கள் பத்தியை நான் செம்மைப்படுத்தினால், ஏறத்தாழ இப்படித் தொடங்குவேன்:

"பொது நூலகங்கள் தாமதக் கட்டணத்தைக் கைவிட வேண்டும். வசதி உள்ளவர் அதைக் கட்டிவிட்டு அடுத்த நூலை எடுத்துப் போகிறார். கட்ட முடியாதவர் நூலையும் திருப்புவதில்லை, நூலகத்துக்கும் வருவதில்லை. ஒரே தவறுக்கு இருவரும் வெவ்வேறு தண்டனை பெறுகிறார்கள்."

இதில் "நான்" என்ற சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள். பெயரோடு வெளிவரும் கட்டுரையில் ஒவ்வொரு வாக்கியமும் உங்களுடையது என்பது வாசகருக்குத் தெரியும். "என் தாழ்மையான கருத்துப்படி" என்று வாக்கியந்தோறும் வாசலில் நின்று வணங்க வேண்டியதில்லை.

எதிர்த்தரப்பை எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் இங்கேயே வருகிறேன், ஏனெனில் நீங்கள் அஞ்சும் ஒருபக்கச் சாய்வுக்கு மருந்து அங்கேதான் இருக்கிறது. கட்டணம் இல்லையென்றால் நூலை யார் திருப்பித் தருவார், காத்திருக்கும் அடுத்த வாசகரின் கதி என்ன என்ற கேள்வி வலுவானது. அதை ஒற்றை வரியில் எழுப்பி ஒற்றை வரியில் தள்ளிவிடும் கட்டுரைகள் வாசகரின் நம்பிக்கையை அந்த இடத்திலேயே இழக்கின்றன. கட்டணத்தை ஆதரிக்கும் ஒரு நூலகர் படித்துவிட்டு, "ஆம், என் கவலை இதுதான், இதைவிட நன்றாக நானே சொல்லியிருக்க மாட்டேன்" என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்கு அதை எழுதுங்கள். அதன்பின் விடை சொல்லுங்கள். டார்வின் 'உயிரினங்களின் தோற்றம்' என்ற தம் 1859 நூலை ஒரே நெடிய வாதம் என்று அதன் இறுதி இயலில் குறிப்பிடுகிறார். அந்த வாதத்தின் நடுவே, தம் கோட்பாட்டுக்கு எதிராக எழக்கூடிய இடர்ப்பாடுகளுக்கென்றே ஆறாவது இயல் முழுவதையும் ஒதுக்கி, கண்போன்ற நுட்பமான உறுப்பு எப்படித் தோன்றியிருக்க முடியும் என்ற கடினமான கேள்வியைத் தாமே எழுப்பிக்கொள்கிறார். தரவு பொறுக்கும் ஆசை தலைதூக்கும்போதெல்லாம் அந்த இயலை நினைத்துக்கொள்வது நல்லது.

மறுமொழி: புள்ளியியலார்

நடுப்பக்கத்தார் சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் ஏட்டுமாணவியின் தயக்கத்தை நாம் எல்லோரும் சற்று விரைவாகவே களைந்துவிட முயல்கிறோமோ என்று தோன்றுகிறது. அந்தத் தயக்கத்தில் காப்பாற்றத்தக்க ஒன்று இருக்கிறது.

நடுப்பக்கத்தார் எழுதித் தந்த மாதிரிப் பத்தியையே எடுத்துக்கொள்வோம். "நூலகங்கள் கைவிட வேண்டும்" என்பது பரிந்துரை. "ஒரே தவறுக்கு வெவ்வேறு தண்டனை" என்பது நீதி பற்றிய மதிப்பீடு. அதை ஏற்பதும் மறுப்பதும் வாசகர் எதை நியாயம் என்று கொள்கிறார் என்பதைப் பொறுத்தது. ஆனால் "கட்ட முடியாதவர் நூலகத்துக்கு வருவதில்லை" என்பது உலகத்தைப் பற்றிய செய்தி. அது உண்மையா பொய்யா என்பதை எண்ணிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எல்லோரும் வருவதில்லையா, பலர் வருவதில்லையா, சிலர் மட்டுமா என்பதும் அதற்குள் அடங்கும். மூன்று வகை வாக்கியங்களும் ஒரே உறுதியோடு, ஒரே தாளத்தில் அடுத்தடுத்து வருவதால், நடுவில் இருக்கும் செய்தி சோதிக்கப்படாமலே கடந்துபோய்விடுகிறது. கருத்தெழுத்தின் உண்மையான ஆபத்து இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஒருவர் கருத்துச் சொல்வதால் யாருக்கும் கேடில்லை. கருத்தின் உறுதி பக்கத்தில் நிற்கும் தகவலுக்கும் ஒட்டிக்கொள்வதுதான் கேடு.

'இருக்கிறது' என்ற வாக்கியங்களிலிருந்து 'வேண்டும்' என்ற வாக்கியத்துக்கு எழுத்தாளர்கள் எந்த விளக்கமும் இல்லாமல் தாவிவிடுகிறார்கள் என்று தத்துவவாதி டேவிட் ஹியூம் 18ஆம் நூற்றாண்டிலேயே சுட்டிக்காட்டினார். கட்டணம் வறியவரை விலக்குகிறது என்பதைத் தரவு நிறுவிவிட்டாலும், ஆகவே அதை நீக்க வேண்டும் என்பது தானாகப் பின்தொடராது. பொது நூலகம் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டிய இடம் என்ற விழுமியம் இடையில் வேண்டும். ஆய்வேட்டில் அந்த விழுமியத்தை நீங்கள் சொல்லாமல் விட்டிருக்கலாம். கருத்துக் கட்டுரையில் அதை வெளிப்படையாகச் சொல்லியே ஆக வேண்டும். அப்படிப் பார்த்தால் கருத்துக் கட்டுரைதான் கூடுதல் நேர்மையைக் கோருகிறது.

சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் 1917இல் மியூனிக்கில் ஆற்றி, 1919இல் அச்சில் வெளியான உரையில், பேராசிரியர் வகுப்பறை மேடையில் தம் அரசியல் சார்பைப் போதிக்கக் கூடாது என்று வலியுறுத்தினார். அங்கே மாணவர்கள் மறுத்துப் பேச முடியாத நிலையில் அமர்ந்திருக்கிறார்கள் என்பது அவர் சொன்ன காரணங்களுள் முக்கியமானது. பொதுமேடையில் பேசும்போதோ தம் நிலைப்பாட்டை ஒளிக்காமல் சொல்வதுதான் கடமை என்றும் அதே உரையில் சொல்கிறார். ஆகவே ஏட்டுமாணவி இரண்டு விதமாக எழுதுவதில் முரண்பாடு எதுவும் இல்லை. மறுத்துப் பேசும் உரிமையுள்ள வாசகர்களிடம் போகும்போது தம் நிலைப்பாட்டைச் சொல்கிறார். அவர்கள் மறுப்பதற்கு வேண்டிய தகவல்களையும் கூடவே தருகிறார். "கூடும்", "பெரும்பாலும்", "இதுவரை கிடைத்த தரவின்படி" என்ற சொற்களை முற்றாகத் துறந்துவிட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தகவல் வாக்கியங்களில் அவை இருக்கட்டும். பரிந்துரை வாக்கியத்தில் வேண்டாம்.

மறுமொழி: உரைமரபு

இந்த உரையாடலில் ஒன்று விடுபட்டுவிட்டதாகத் தோன்றுவதால் எழுதுகிறேன். தரப்பெடுத்துப் பேசுவதும் கற்றறிந்து எழுதுவதும் எதிரெதிரானவை என்ற எண்ணம் தமிழ்ப் புலமை மரபில் இருந்ததில்லை.

பவணந்தியார் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், நூல் எழுதுபவர் கொள்ளத்தக்க நிலைப்பாடுகளை 'எழுவகை மதம்' என்று வகுத்துத் தருகிறது. பிறர் கருத்துக்கு உடன்படல், மறுத்தல், முதலில் உடன்பட்டுப் பின் களைதல், தானே ஒரு கருத்தை நாட்டி அதை நிலைநிறுத்தல், இருவர் மாறுபடும்போது ஒரு பக்கம் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டல், பிறர் கொள்கையோடு சேராமல் தன் கொள்கையே கொள்ளல் என்பன அவை. ஏழையும் படித்துப் பார்த்தால், "மாறுபட்ட கருத்துகள் நிலவுகின்றன" என்று சொல்லி விலகிக்கொள்வதற்கு அங்கே இடமே இல்லை என்பது விளங்கும். இருவர் மாறுபடுகிறார்கள் என்றால், எழுதுபவர் "ஒருதலை துணிய" வேண்டும் என்பதே இலக்கணம் காட்டும் வழி. அதே பாயிரம் நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும், பத்து அழகுகளையும், முப்பத்திரண்டு உத்திகளையும் சொல்கிறது. துணிந்து சொல்பவர் எப்படிச் சொல்ல வேண்டும் என்ற கட்டுப்பாடும் உடன் இருக்கிறது.

உரையாசிரியர்கள் இதை எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள். பரிமேலழகர் தம் திருக்குறள் உரையில் தம் பொருளைச் சொல்லியபின், வேறு பொருள் கொள்வோரை "என்று உரைப்பாரும் உளர்" என்று சுட்டுகிறார். சேனாவரையர் தொல்காப்பியச் சொல்லதிகார உரையில், தமக்கு முன்னவரான இளம்பூரணரை 'உரையாசிரியர்' என்ற மதிப்புப் பெயராலேயே குறித்து, அவர் கூற்றை எடுத்துவைத்து, காரணம் காட்டி மறுக்கிறார். அந்த மறுப்பில் மரியாதைக் குறைவும் இல்லை, தயக்கமும் இல்லை. பிற்காலத்தில் சிவஞான முனிவர், இலக்கண விளக்கம் என்ற நூலை மறுப்பதற்கென்றே 'இலக்கண விளக்கச் சூறாவளி' என்று ஒரு நூல் எழுதினார். அந்தத் தலைப்பின் கடுமையை நான் உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். சேனாவரையரின் முறை உங்களுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். கட்டணத்தை ஆதரிக்கும் நூலகரின் கூற்றை முழுமையாக எடுத்துவைத்து, அவருக்குரிய மதிப்போடு, காரணம் காட்டி மறுப்பது. அகந்தை என்ற குற்றச்சாட்டு அங்கே எழ இடமில்லை.

ஏட்டுமாணவி எழுதியது

நால்வருக்கும் என் நன்றி. என் பத்தியின் வினைமுற்றுகளை வரிசையாகப் படித்துப் பார்த்தபோது, அந்த வாக்கியங்களுக்குப் பின்னால் நான் நின்றுகொண்டிருக்கிறேன் என்பது எனக்கே தெளிவாகத் தெரிந்தது.

புள்ளியியலார் பிரித்துக் காட்டிய மூன்றில், நடுவில் இருக்கும் செய்தி வாக்கியத்துக்கு என் ஆய்வேட்டிலிருந்தே ஆதாரம் தேடினேன். சிகாகோவில் கட்டணத்தை நீக்கும்போது நகர நிர்வாகம் வெளியிட்ட விவரம் ஒன்று இருக்கிறது. நூலகத்தின் தெற்கு மண்டலத்தில் உறுப்பினர் அட்டை வைத்திருப்போரில் மூவரில் ஒருவர் நூல் எடுக்க முடியாத நிலையில் இருந்தார். வடக்கு மண்டலத்தில் ஆறு பேரில் ஒருவர்தான் அந்நிலையில் இருந்தார். அந்நகரின் தென்பகுதியில் வறுமை அதிகம். ஆனால் அட்டை முடங்குவதற்குத் தாமதக் கட்டணம் ஒன்றே காரணம் என்று இந்த எண்கள் சொல்லவில்லை. தொலைந்த நூலுக்கான விலை நிலுவையாலும் அட்டை முடங்கலாம். ஆகவே பத்தியை இப்படி மாற்றியிருக்கிறேன்:

"பொது நூலகங்கள் தாமதக் கட்டணத்தைக் கைவிட வேண்டும். வசதி உள்ளவர் அதைக் கட்டிவிட்டு அடுத்த நூலை எடுத்துப் போகிறார். கட்ட முடியாதவர்களில் பலருக்கு அதோடு நூலகத்தின் உறவே அறுந்துபோகிறது. 2019இல் சிகாகோ நகர நிர்வாகம் தந்த கணக்கின்படி, வறுமை மிகுந்த தெற்கு மண்டலத்தில் அட்டை வைத்திருப்போரில் மூவரில் ஒருவரால் நூல் எடுக்க இயலவில்லை. வடக்கு மண்டலத்தில் இது ஆறில் ஒன்று. எல்லா முடக்கத்துக்கும் தாமதக் கட்டணமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் எல்லோருக்குமான இடம் என்று தன்னை அழைத்துக்கொள்ளும் ஒரு நிறுவனம், இந்த இடைவெளியை அகலப்படுத்தும் எந்த விதியையும் வைத்திருக்கக் கூடாது."

இறுதி வாக்கியத்தில் விழுமியத்தைச் சொல்லிவிட்டேன் என்று நம்புகிறேன். இன்னும் ஒரு கேள்வி மட்டும் இருக்கிறது. சில ஆண்டுகள் கழித்து நானே ஒரு நூலகத்தை நடத்தும்போது, கட்டணம் தேவைதான் என்ற முடிவுக்கு வந்தால், என் பெயரில் அச்சாகியிருக்கும் இந்தக் கட்டுரையை நான் என்ன செய்வது? ஆய்வேட்டில் முடிவு மாறினால் புதிய தரவு வந்தது என்பார்கள். கருத்து மாறினால் நிலையற்றவள் என்றல்லவா சொல்வார்கள்?

மறுமொழி: நடுப்பக்கத்தார்

உங்கள் பத்தி நான் எழுதித் தந்ததைவிட நன்றாக இருக்கிறது. நான்காவது வாக்கியத்தை ஒருபோதும் எடுத்துவிடாதீர்கள். இடம் போதவில்லை என்று எந்த உதவி ஆசிரியராவது அதை வெட்ட முயன்றால் எதிர்த்து நில்லுங்கள். "எந்த விதியையும்" என்பது மட்டும் சற்று அகலமாகத் தெரிகிறது. தொலைந்த நூலுக்கு விலை கேட்பதும் ஒரு விதிதான். அதையும் எதிர்க்கிறீர்களா என்று முதல் வாசகர் கடிதத்திலேயே கேட்பார்கள். நீங்கள் எதிர்ப்பது தாமதக் கட்டணத்தை மட்டும் என்றால் அங்கே அதையே சொல்லுங்கள்.

கருத்து மாறுவதைப் பற்றிக் கேட்டீர்கள். கட்டுரையின் தலையில் தேதி இருக்கிறது. அந்தத் தேதியில் உங்களிடம் இருந்த தரவு கட்டுரைக்குள்ளேயே இருக்கிறது. பின்னாளில் உங்கள் நூலகத்தில் நூல்கள் திரும்பாமல் போய், காத்திருப்போர் பட்டியல் நீண்டு, அதனால் உங்கள் முடிவு மாறினால், பழைய கட்டுரையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, எது மாறியது என்பதை விளக்கி இன்னொரு கட்டுரை எழுதுங்கள். அப்படி வரும் கட்டுரைகளை நாங்கள் முதலில் எடுத்துப் போடுவோம், ஏனெனில் அவை அரிதாகவே வருகின்றன. காரணம் சொல்லாமல் மாறுபவரைத்தான் வாசகர்கள் நிலையற்றவர் என்பார்கள். எந்தத் தரவு வந்தால் உங்கள் மனம் மாறும் என்பதை இந்த முதல் கட்டுரையிலேயே ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட உங்களுக்கு இன்னும் இடம் இருக்கிறது. புள்ளியியலாரும் அதைத்தான் விரும்புவார் என்று நினைக்கிறேன்.

மறுமொழி: புள்ளியியலார்

ஆம், விரும்புகிறேன். கட்டணம் நீங்கியபின் நூல்கள் திரும்பும் அளவு எந்த அளவுக்குக் குறைந்தால் உங்கள் பரிந்துரையைத் திரும்பப் பெறுவீர்கள் என்பதை உங்களுக்குள்ளாவது முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். எண் தெரிந்தபின் அதைக் கட்டுரையில் சேர்ப்பதா வேண்டாமா என்பதை 800 சொல் வரம்பு முடிவு செய்யட்டும்.